குடை விரியலைன்னா? பாராசூட் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

என் அக்கா மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். சம்பளத்தில் பாதியை விமானத்திலிருந்து குதிப்பதற்கே செலவழிக்கிறான். பர்கூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் பட்டாளத்தில் சேர்ந்து, குடையோடு குதிக்கும் பாரா ரெஜிமெண்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு லீவில் வந்திருந்தான். பொங்கலுக்கு இரண்டு பேரும் பாலக்கோட்டில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். "மாமா, குடை விரியலைன்னா என்ன பண்றது?" என்று இவன் கேட்டான். "அண்ணே, விரிஞ்சும் கோணலா இருந்தா?" என்று அவன் கேட்டான். இருவருக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அக்கா மகனைக் காப்பாற்றும் பதில் பர்கூர்ப் பையனுக்கு உதவாது. பையனுக்குச் சரியான பதில் அக்கா மகனைக் கொன்றே விடும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பதினைந்து வருஷம் பாரா பட்டாலியனில் இருந்துவிட்டு வந்து, இப்போது பட்டுப்புழு வளர்க்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் குதிக்கப் போக வேண்டாம். உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

முதலில், உங்கள் முதுகில் இருப்பது எந்தக் குடை?

பட்டாளத்தில் கூட்டமாகக் குதிக்கக் கொடுப்பது வட்டக் குடை. விமானத்துக் கம்பியில் மாட்டிய ஸ்டேடிக் லைன் என்ற பட்டை அதை இழுத்துத் திறந்துவிடும், நம் கைக்கு வேலை இல்லை. ஆயிரத்துச் சொச்சம் அடியில் குதிக்கிறோம். ரிசர்வ், அதாவது மெயின் குடை கெட்டால் திறக்கும் மாற்றுக் குடை, வயிற்றுக்கு முன்னால் இருக்கும். மெயின் குடையைக் காற்றில் கழற்றி எறிவது என்ற பேச்சே கிடையாது.

விளையாட்டுக் குடை செவ்வகம். டொமினா ஜால்பர்ட் என்பவர் 1960களில் கண்டுபிடித்த காற்றறைத் துணிதான் இதற்கு மூலம். முன்பக்கம் வாய் திறந்த அறைகளில் காற்று நிரம்பி, துணியே இறக்கையாகிவிடும். பத்தாயிரம் அடிக்கு மேலே ஏறிக் குதித்து, விழுந்துகொண்டே வந்து, கையால் இழுத்துத் திறக்க வேண்டும். மெயின், ரிசர்வ் இரண்டும் முதுகில்தான். மெயின் கெட்டால் முதலில் அதைக் கழற்றி விட்டுவிட வேண்டும். இதற்குப் பெயர் கட்அவே. அடுத்துதான் ரிசர்வ்.

இனி அறிகுறிகள்.

உயரமானி சொல்வதும் கண்ணுக்குத் தெரிவதும் ஒத்துவரவில்லை

நம் மாவட்டத்துக்காரர்கள் இதை முதலில் படிக்க வேண்டும். கையில் கட்டும் உயரமானி காற்றழுத்தத்தை அளந்துதான் உயரம் சொல்கிறது. தரையில் நிற்கும்போது அதைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். எந்தத் தரை என்பதில்தான் சிக்கல். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3,000 அடி உயரம். கிருஷ்ணகிரி அதைவிட ஆயிரம் அடிக்கு மேல் தாழ்வு. சென்னையில் பூஜ்யம் வைத்த மானியைக் கட்டிக்கொண்டு ஓசூரில் குதித்தால், அது 3,000 காட்டும்போது உங்கள் கால் தரையில் இருக்கும். புதிதாகக் குதிப்பவர்கள், குடை சரியில்லை என்றால் 2,500 அடிக்குள் முடிவெடு என்றுதான் பாடம் படிக்கிறார்கள். அந்த 2,500 வரவே வராது.

இறங்கப்போகும் தரையின் உயரத்துக்கு மானியைத் திருத்துங்கள். ஓர் இடத்தில் ஏறி வேறு இடத்தில் இறங்குவதாக இருந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். விமானம் கிளம்பியதும் ஒரு தடவை, ஆயிரம் அடியில் ஒரு தடவை பக்கத்தில் இருப்பவர் மானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விமானத்துக்குள்ளேயே ரிசர்வ் அவிழ்ந்துவிட்டது

வாசல் மூடியிருந்தால் துணியை இரண்டு கையாலும் அள்ளி அமுக்கிக்கொண்டு கத்துங்கள். வாசல் திறந்திருந்து துணி வெளியே போய்விட்டதா? நீங்களும் உடனே வெளியே போய்விடுங்கள். யோசித்தால் குடையே உங்களைப் பிய்த்து இழுக்கும், வாசல் சட்டத்தில் உடம்பு அடிபடும், விமானத்தின் வாலும் சேர்ந்து போகும். இதில் பட்டாளம், விளையாட்டு என்ற பேதம் இல்லை.

காது அடைத்து வலிக்கிறது

மூக்கைப் பிடித்து, வாயை மூடி மெதுவாக ஊதினால் திறக்கும். சளி இருக்கும் நாளில் குதிக்காதீர்கள். ஏறும்போது ஒன்றும் தெரியாது, இறங்கும்போதுதான் செவிப்பறை கணக்குத் தீர்க்கும்.

எண்ணி முடித்தும் உதை இல்லை

வட்டக் குடைக்காரர் வாசலை விட்டதும் ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று எண்ண வேண்டும். இது நேரம் போக்க எண்ணுவது இல்லை, அதுதான் கடிகாரம். நாலு எண்ணி முடிக்கும்போது தோளைத் தூக்கி ஒரு உதை கிடைத்திருக்க வேண்டும். எந்தக் குடைக்கு எத்தனை எண்ண வேண்டும் என்பதை உங்கள் பயிற்சியில் சொல்வார்கள். கிடைக்கவில்லை என்றால் மேலே அண்ணாந்து பார்த்துக் காரணம் ஆராயாதீர்கள். ஆயிரத்துச் சொச்சம் அடியிலிருந்து தரைக்குப் பத்துப் பன்னிரண்டு நொடிதான். அதில் நாலு ஏற்கெனவே போய்விட்டது. ரிசர்வை இழுங்கள்.

விளையாட்டில் கொஞ்சம் கணக்கு வேறு. வயிறு கீழாக விழும் மனிதன் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறான். ஆயிரம் அடிக்கு ஆறு நொடிகூட ஆகாது. இந்த நிலையில் மூன்று விதமாக மாட்டலாம்.

கைப்பிடி கையில் சிக்கவில்லை, அல்லது சிக்கியும் வரவில்லை. இரண்டு தடவை முயலுங்கள். மூன்றாவது கிடையாது, நேராக ரிசர்வ். சட்டை மடிப்போ ஜாக்கெட்டோ கைப்பிடியை மூடிக்கொண்டு இருக்கும், நாம் இடுப்பைத் தடவிக்கொண்டே தரைக்கு வந்துவிடுவோம்.

பைலட் சூட்டை, அதாவது மெயினை வெளியே இழுக்கும் குட்டிக் குடையை, எறிந்தாயிற்று. முதுகுக்கு மேல் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. விழும் உடம்புக்குப் பின்னால் காற்று செத்துக் கிடக்கும் ஒரு குழி இருக்கும், அது அதில் மாட்டியிருக்கலாம். ஒரு தோளை இறக்கித் திரும்பிப் பாருங்கள், காற்றோட்டம் மாறி அது பிடித்துக்கொள்ளும். அப்படியும் இல்லை என்றால் கட்அவே செய்துவிட்டு ரிசர்வா, நேராக ரிசர்வா என்பதில் பயிற்சியாளர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. எந்தக் கட்சி என்பதைத் தரையிலேயே முடிவு செய்துகொண்டு ஏறுங்கள்.

மூன்றாவது, கயிறெல்லாம் நீண்டுவிட்டது, குடை மட்டும் பையை விட்டு வரவில்லை. தலைக்கு மேல் ஒரு தலையணை ஆடிக்கொண்டிருக்கும். அதை உலுக்கிக்கொண்டிருக்காதீர்கள். கட்அவே, ரிசர்வ்.

குடைக்கயிறு என்மேலேயே சுற்றிக்கொண்டது

1959 நவம்பர் 16 அன்று அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கர் பலூனிலிருந்து 76,000 அடிக்கு மேலே குதித்தார். உடம்பை நிலைப்படுத்த வேண்டிய சின்னக் குடை முன்கூட்டியே வெளியே வந்து கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிடத்துக்கு 120 சுற்று வேகத்தில் சுழன்று மயங்கிப்போனார். தானியங்கி ரிசர்வைத் திறந்துவிட்டதால் பிழைத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 1,02,800 அடியிலிருந்து மறுபடி குதித்தார் என்பது தனிக் கதை. எனக்கு அந்த நெஞ்சழுத்தம் கிடையாது.

விளையாட்டுக்காரருக்கு இதே கோளாறு, முதுகுப்பை நேரத்துக்கு முன்னே திறந்துகொள்வதால் வரும். பைலட் சூட் கையருகே இன்னும் பையிலேயே இருக்கும், குடை மட்டும் வெளியே ஓடும், கயிறு லாடம் மாதிரி வளைந்து நிற்கும். பைலட் சூட்டை உடனே எடுத்து எறிந்து, கட்அவே செய்து, ரிசர்வைத் திறக்க வேண்டும்.

அந்தத் தானியங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. 1991இல் வந்த சைப்ரஸ் என்ற ஜெர்மன் கருவி இன்று பல கட்டுகளில், அதாவது குடையைச் சுமக்க உடம்பில் மாட்டும் பட்டைகளில், இருக்கிறது. அதன் சாதாரண வகை, தரைக்கு மேல் சுமார் 225 மீட்டரில் ஆள் இன்னும் நொடிக்கு 35 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வ் பையை மூடியிருக்கும் கண்ணியை அறுத்துவிடும். ஆன் செய்திருந்தால்தான் அறுக்கும். என் மருமகனிடம் இதைச் சொன்னபோது முறைத்தான். ஒரு தடவை மறந்திருக்கிறான் என்று அந்த முறைப்பிலேயே தெரிந்தது.

விமானத்தின் வாலருகே தொங்குகிறேன்

இது வட்டக் குடைக்காரர் கவலை. ஸ்டேடிக் லைன் கையிலோ சாமானிலோ சிக்கிக்கொண்டால் ஆள் கழன்று போகாமல் விமானத்தோடு இழுபட்டுப் போவார். அந்த நேரத்தில் ரிசர்வ் திறந்தால் எல்லாமே கெட்டுவிடும். உடம்பை இறுக்கி, இரண்டு கையாலும் ரிசர்வ் கைப்பிடியை மூடிப் பாதுகாத்துக்கொண்டு இருங்கள். விமானத்தில் இருப்பவர்கள் உள்ளே இழுத்தால், கால் தரைப்பலகையில் படும்வரை அந்தக் கையை எடுக்கக் கூடாது. பட்டையை வெட்டிவிட்டால் அந்த நொடியே ரிசர்வை இழுங்கள்.

விரிந்தது, ஆனால் உருவம் சரியில்லை

திண்ணையில் நான் வாயடைத்துப் போன இடம் இதுதான்.

வட்டக் குடையில் விளிம்புத் துணி கயிறுகளுக்கு இடையே புகுந்து ஊதிக்கொண்டாலோ, ஒரு கயிறு துணிக்கு மேல் விழுந்தாலோ, நடுவில் இறுக்கிக் கட்டிய தலையணை மாதிரி குடை இரண்டு குமிழாக நிற்கும். அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்கு மே வெஸ்ட் என்று ஒரு நடிகையின் பெயரை வைத்தார்கள். ஏன் என்று பர்கூர்ப் பையன் கேட்டான். அவன் அண்ணியும் அங்கே இருந்ததால் விளக்கவில்லை. பிற்காலத்தில் விளிம்பைச் சுற்றி வலை தைத்த பிறகு இந்தக் கோளாறு வெகுவாகக் குறைந்துவிட்டது.

கோளாறு பெரிசா சின்னதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குடையைப் பார்த்து அளக்காதீர்கள். உங்களோடு குதித்தவர்களைப் பாருங்கள். அவர்கள் உங்களைவிட மேலே ஏறிப்போவதுபோல் தெரிந்தால் நீங்கள் வேகமாக விழுகிறீர்கள். ரிசர்வைத் திறக்க வேண்டியதுதான். மேலே மெயின் பாதி விரிந்து நிற்பதால், ரிசர்வ் நேராக மேலே போனால் அதிலேயே சுற்றிக்கொள்ளும். பழைய வயிற்று ரிசர்வில் ஒரு கையால் துணியை அமுக்கிப் பிடித்து, மறுகையால் கைப்பிடியை இழுத்து, துணியை அள்ளிக் கீழ்ப்பக்கமாக விலக்கி வீசச் சொல்லித் தருவார்கள். இரண்டு குடையும் சேர்ந்து உங்களை இறக்கும். மெயினைக் கழற்ற நினைக்கவே கூடாது. அந்த உயரத்தில் பாதிக் குடையும் பெரிய சொத்து.

விளையாட்டுக்காரர் இதையே செய்தால்? செவ்வகக் குடை கோணலாக நின்றால் சும்மா இறங்காது, ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழலும். சுற்றுச் சுற்றுக்கு வேகம் கூடும். அதன் கீழே ரிசர்வைத் திறந்தால் இரண்டு துணியும் கூந்தல் பின்னுவதுபோல் பின்னிக்கொள்ளும். அதனால் கெட்டதை முதலில் கழற்ற வேண்டும். பெரும்பாலான கட்டுகளில் வலது பக்கம் மெத்தென்ற துணிக் கைப்பிடி, இடது பக்கம் ரிசர்வின் கைப்பிடி. கண்ணால் பார்த்துப் பிடித்து, வலதை இழுத்து முடித்துவிட்டு இடதை இழுங்கள்.

வலதை இழுத்ததும் உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்த குடை எப்படி அவ்வளவு லேசாகக் கழன்று போகிறது என்பதை ஒரு நாள் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தோளில் மூன்று வளையம் இருக்கும். பெரியதற்குள் நடுத்தர வளையம் மடிந்து கிடக்கும், அதற்குள் சின்னது, சின்னதை ஒரு நூல் கண்ணி பிடித்திருக்கும், கண்ணிக்குள் ஒரு மஞ்சள் கம்பி ஓடும். ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் மாதிரி பாரத்தைக் குறைத்துக் குறைத்து அனுப்புவதால், முழு ஆளின் எடையும் கடைசியில் ஒரு நூல் கண்ணி தாங்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. கம்பி உருவினால் மூன்றும் சரசரவென்று புரண்டு கழன்றுவிடும். பில் பூத் என்பவர் 1970களில் செய்தது. அதற்கு முன்னால் இரண்டு தோளிலும் தனித்தனியாகக் கொக்கி கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

எப்போது கழற்றுவது? விரிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். செவ்வகமாக இருக்கிறதா, ஆடாமல் நிற்கிறதா, சொன்ன பக்கம் திரும்புகிறதா? மூன்றாவதற்கு டாகிள்களை, அதாவது திருப்பும் கைப்பிடிகளை, அவிழ்த்து இடது, வலது, கடைசியில் இரண்டையும் இறக்கி நிறுத்திப் பாருங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் முடிவு உயரத்துக்குள் கழற்றிவிடுங்கள். ஆயிரம் அடிக்கும் கீழே வந்துவிட்டால் இந்தப் பாடம் செல்லாது. அங்கே கழற்ற இடமில்லை, உள்ளதை வைத்துக்கொண்டு ரிசர்வைத் திறக்க வேண்டியதுதான். அவ்வளவு தாழ்வில் விளையாட்டுக்காரரும் சிப்பாய் ஆகிவிடுகிறார்.

கழற்ற அவசியமில்லாத கோளாறுகளும் உண்டு. ஓரத்து அறை மட்டும் காற்று நிரம்பாமல் தொங்கினால் இரண்டு டாகிளையும் சேர்த்து இழுத்து விடுங்கள். ஸ்லைடர், அதாவது விரியும் வேகத்தைக் குறைக்கக் கயிறுகளில் வழுக்கி வரும் சதுரத் துணி, பாதியில் நின்றாலும் இதே வைத்தியம். ஒரு பக்க டாகிள் தானாக அவிழ்ந்து குடை அந்தப் பக்கமே திரும்பினால் இன்னொன்றையும் அவிழ்த்துவிடுங்கள், நேராகிவிடும். துணிக்கு மேல் கயிறு விழுந்ததும், கயிறுக்குள் முடிச்சு விழுந்து சுழற்றுவதும் இந்தச் சில்லறைக் கணக்கில் வராது.

கயிறு முறுக்கிக்கொண்டது

தலையை நிமிர்த்த முடியாமல் பின்னங்கழுத்தை ஏதோ அழுத்தினால் இதுதான். ஊஞ்சலில் உட்கார்ந்து சங்கிலியை முறுக்கி விளையாடியவர்களுக்கு விளக்கம் வேண்டாம். தோளுக்கு மேல் உள்ள பட்டைகளைக் கையால் விலக்கிப் பிடித்து, சைக்கிள் மிதிப்பதுபோல் உதையுங்கள், பிரிந்து வரும். வட்டக் குடை முறுக்கு இருந்தாலும் விரிந்தே நிற்கும், பயம் குறைவு. செவ்வகக் குடை நேராகப் பறந்தால் உதைத்துப் பார்க்கலாம். சுழல ஆரம்பித்தால், உயரமானியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே உதைக்க வேண்டும். இன்னும் ஒரு சுற்றுதானே என்ற எண்ணம்தான் இதில் ஆபத்து.

விரியும்போது உதை தாங்க முடியவில்லை

விளையாட்டில் பெரும்பாலும் மடிப்பு வேலைதான் காரணம். ஸ்லைடர் கயிறுகளின் தலைமாட்டில் சரியாக உட்காராமல் மடித்திருப்பார்கள். அல்லது தலைகீழாகப் பாய்ந்த வேகம் குறையும் முன்பே திறந்திருப்பார்கள்.

போரில் காரணம் விமானிதான். 1944 ஜூன் 6 அதிகாலை பிரான்சின் நார்மண்டியில் அமெரிக்கப் படை குதித்தபோது, மேகமும் தரையிலிருந்து வந்த துப்பாக்கிச் சூடும் சேர்ந்து விமானிகளை விரட்டின. பலர் வேகத்தைக் குறைக்காமலே ஆட்களை இறக்கினார்கள். குடை விரிந்த உதையில், காலில் கட்டியிருந்த சாமான் பைகள் பிய்த்துக்கொண்டு போயின. துப்பாக்கியும் தோட்டாவும் ஒரு வயலில், ஆள் வேறு வயலில். ஓடும் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனுக்கும் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

இரண்டு குடையும் வெளியே வந்துவிட்டது

செவ்வகக் குடைக்காரருக்கு மட்டும். ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் கழற்ற வேண்டாம், முன்னால் இருப்பதை மட்டும் மென்மையாகத் திருப்பி இறங்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பெரியது எதுவோ அதைக் கொண்டு மெதுவாக. இரண்டும் எதிர்த்திசையில் தரையை நோக்கிப் பாய்ந்தால் மெயினைக் கழற்றுங்கள்.

ஊஞ்சலாடுகிறது, அல்லது சொன்னபடி திரும்பவில்லை

1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் கார்னரின் என்ற பிரெஞ்சுக்காரர் பலூனிலிருந்து குடையோடு இறங்கியபோது கடல்படகு மாதிரி ஆடி வாந்தி எடுக்காத குறை. உச்சியில் ஓட்டை இல்லாததால் சிக்கிய காற்று விளிம்பு வழியாக ஒரு பக்கம், மறு பக்கம் என்று வழிந்து குடையை ஆட்டியது. இன்றைய வட்டக் குடையின் உச்சித் துளை அந்த ஆட்டத்துக்கு மருந்து.

1941 மே 20 கிரீட் தீவில் குதித்த ஜெர்மானியருக்குப் பிரச்சினை வேறு. அவர்களுடைய குடையின் கயிறெல்லாம் முதுகில் ஒரே இடத்தில் வந்து சேரும். பூனைக்குட்டியைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் எப்படித் தொங்குமோ அப்படித் தொங்கினார்கள். பட்டைக்குக் கை எட்டாது, திருப்ப முடியாது, முன்னால் கவிழ்ந்து விழ வேண்டும், அதனால் முழங்காலுக்குக் கவசம். பெரிய ஆயுதங்கள் தனிப் பெட்டியில் வந்தன. பெட்டியைத் தேடி ஓடிய தூரத்தில் பலர் செத்தார்கள். தீவு விழுந்தது, ஆனால் அந்த இழப்பைப் பார்த்த ஹிட்லர் அதன்பின் அவ்வளவு பெரிய வான்குதிப்புக்குச் சம்மதிக்கவில்லை.

வட்டக் குடையில் இன்னொன்று: ஒருவர் நேர் கீழே வந்துவிட்டால், மேலே உள்ளவரின் குடைக்குக் காற்று கிடைக்காமல் மடங்கும். கீழே இருப்பவருக்கு வழி விட்டு விலகுவது மேலே இருப்பவர் பொறுப்பு.

குடை நன்றாக இருக்கிறது, தரை பக்கத்தில் வந்துவிட்டது

விளையாட்டில் ஏராளமான சாவு, ஒரு குறையும் இல்லாத குடையின் கீழ்தான் நடக்கிறது. தரை நெருங்கும்போது எதிரே பாறையோ வேலியோ தெரிந்ததும் ஒரு டாகிளை வெடுக்கென்று இழுப்பார்கள். செவ்வகக் குடை திரும்பும்போது மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாயும், மறுபடி நிமிர உயரம் வேண்டும். அந்த உயரம் அங்கே இருக்காது. இரண்டு டாகிளையும் பாதி இறக்கி வைத்துக்கொண்டு மெல்லத் திருப்புங்கள். காற்றுக்கு எதிராக இறங்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, குடை மட்டமாக இருந்தால் போதும். பத்து, பன்னிரண்டு அடியில் இரண்டையும் ஒரே அளவாக இறக்குங்கள். விழப்போகிறோம் என்று ஒரு கையை முன்னே நீட்டினால் அந்தக் கை டாகிளையும் இழுத்து, நீட்டிய பக்கமே குடை திரும்பும்.

நம்மூர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியம் கரட்டுப் பாறை சூடேறினால் காற்று குமிழ் குமிழாகக் கிளம்பும், சித்திரையில் உழுத காட்டில் சூறை சுழன்று எழும். அதில் செவ்வகக் குடையின் அறைகள் மடங்கலாம். குன்றுக்குக் காற்று மறைவான பக்கமும் அப்படித்தான். மாட்டிக்கொண்டால் டாகிளை மேலே விட்டு நேராகப் பறக்க விடுங்கள், பயிற்சியில் வேறு சொல்லியிருந்தால் அதைச் செய்யுங்கள். இன்னும் நல்லது, காலையிலேயே குதித்துவிட்டு மதியம் சாப்பிடப் போவது.

வட்டக் குடை நொடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில் தரையிடும். இரண்டு மீட்டர் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். காலையும் முட்டியையும் சேர்த்து ஒட்டி வைத்து, முன்பாதம், ஆடுசதை, தொடை, புட்டம், முதுகின் பக்கம் என்று வரிசையாக உருள வேண்டும். தரையை எட்டிப் பார்த்துக் காலை நீட்டுகிறவனுக்குக் கணுக்கால் போகும். பட்டாளத்துக்காரர் ஆக்ராப் பயிற்சிப் பள்ளியில் 5 குதிப்பு முடித்தால்தான் சிறகுச் சின்னம், அதில் ஒன்று இரவில். இருட்டில் தரை தெரியாது, எட்டிப் பார்க்கவும் முடியாது. எனக்கு அந்த இரவுக் குதிப்புதான் நல்ல தரையிறக்கமாக அமைந்தது.

இந்தியப் படையில் முதன்முதலாக 1941இல் குதித்தவர்களில் ஒருவர் மருத்துவர், ஏ.ஜி. ரங்கராஜ், நம் தமிழர். 1951 மார்ச் 23 அன்று கொரியாவின் முன்சானில் அமெரிக்கர்களோடு தன் 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு குதித்து, இறங்கிய இடத்திலேயே அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். மகாவீர் சக்கரம் வாங்கியவர். இதைச் சொன்னபோது பையன்கள் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மரம், தண்ணீர், கம்பி

மரம் என்றால் காலைச் சேர்த்து, முகத்தை முழங்கைகளால் மூடி உள்ளே போங்கள். மாந்தோப்பாக இருந்தால் கிளை முறியும், குடை மாட்டும், தொங்குவீர்கள். அவசரமாகக் கழற்றிக்கொண்டு குதித்துத்தான் பலர் காலை உடைக்கிறார்கள். ஆள் வரட்டும். ஜான் ஸ்டீல் என்ற அமெரிக்கச் சிப்பாய் நார்மண்டியில் சான்ட்-மேர்-எக்லீஸ் தேவாலயக் கோபுரத்தில் குடை மாட்டித் தொங்கினார், கீழே சண்டை நடக்க, செத்தவர் மாதிரி கிடந்தார். அவருடைய உருவபொம்மை இன்றும் அந்தக் கோபுரத்தில் தொங்குகிறது.

தண்ணீர்தான் எனக்கு அதிகம் பயம். அதே இரவில் மெர்டரே ஆற்றங்கரை வெள்ளக்காட்டில் இறங்கியவர்கள் இடுப்பளவு, மார்பளவு நீரிலேயே மூழ்கினார்கள். அமெரிக்கர்கள் உடம்பில் மாட்டிய கட்டில் மூன்று கொக்கி, நனைந்த விரலால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பிரிட்டிஷ்காரர் கட்டில் நெஞ்சில் ஒரு பெட்டி, திருகி ஒரு தட்டுத் தட்டினால் நாலு பட்டையும் கழன்றுவிடும். அமெரிக்கர்களும் பிறகு அதற்கே மாறினார்கள். கே.ஆர்.பி. அணைப் பக்கமோ ஒகேனக்கல் பக்கமோ காற்று தள்ளினால், முதலில் தண்ணீரைத் தவிர்த்துத் திருப்புங்கள். முடியாது என்றால் நெஞ்சுப்பட்டையை மேலேயே தளர்த்தி வையுங்கள். கால் நனைந்த பிறகுதான் முழுதாகக் கழற்ற வேண்டும், நீர்மட்டத்தைக் கண்ணால் அளந்து முன்பே கழற்றினால் ஐம்பது அடியிலிருந்து விழுவீர்கள்.

மின்கம்பி என்றால் கால் இரண்டையும் ஒட்டி, ஒரு கம்பிக்கு மேல் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் யாரையும் தொட விடாதீர்கள். லைன்மேன் வந்து மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று சொல்லும்வரை தொங்குவதே நல்லது.

தரையில் இழுத்துக்கொண்டு போகிறது

வட்டக் குடையில் ஒரு பக்கப் பட்டையைக் கழற்றினால் காற்று வெளியேறிச் சாய்ந்துவிடும். கழற்ற வரவில்லை என்றால் தரையை ஒட்டியுள்ள கயிறுகளைக் கை மாற்றி மாற்றி இழுத்துச் சுருட்டுங்கள், அல்லது எழுந்து ஓடிக் குடையைச் சுற்றிக் காற்றுக்கு மறுபக்கம் போய்விடுங்கள். செவ்வகத்துக்கு ஒரு டாகிளை மட்டும் இழுத்துக்கொண்டே வந்தால் போதும்.

இறங்கிய இடத்தில் கூட்டாளி யாரையும் காணோம் என்பதற்கும் பட்டாளத்தில் பாடம் உண்டு. நார்மண்டியில் அமெரிக்க 101வது டிவிஷன்காரர்கள் கையில் வெட்டுக்கிளி மாதிரி சத்தம் போடும் தகர பொம்மை வைத்திருந்தார்கள். ஒரு கிளிக் கேட்டால் இரண்டு கிளிக் பதில். 1971 டிசம்பர் 11 அன்று வங்கதேசப் போரில் டாங்கைலில் இறங்கிய நம் 2 பாரா பட்டாலியன் சேர்ந்துகொண்டு பூங்லி பாலத்தைப் பிடித்தது. ஐந்தாம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணாகதி.

மடிக்கும்போது துணி ஒட்டுகிறது, நாற்றம் அடிக்கிறது, புள்ளி தெரிகிறது

போருக்கு முன் குடையெல்லாம் பட்டு. தருமபுரி அங்காடிக்குக் கூடு கொண்டுபோகும் எவருக்கும் ஈரம் பட்டால் பட்டு என்ன ஆகும் என்று தெரியும். ஜப்பான் பட்டு நின்றதும் நைலான் வந்தது. 1942 ஜூன் 6 அன்று அட்லின் கிரே என்ற பெண் அமெரிக்காவில் முதல் நைலான் குடையில் குதித்துக் காட்டினார். நைலான் பூசணத்துக்குச் சற்றுத் தாங்கும், ஆனால் வெயிலுக்கும் அமிலத்துக்கும் உராய்வுச் சூட்டுக்கும் ஆகாது. கயிறு வேகமாக உரசிய இடம் உருகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்தால் மடிக்காதீர்கள், மடிப்பு வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். ரிசர்வை நீங்களே மடிக்கவே கூடாது, அதற்கு உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு தடவை என் மருமகன் நனைந்த குடையைத் தூக்கிக்கொண்டு பாலக்கோட்டுக்கே வந்துவிட்டான். புழு வளர்ப்புக் கொட்டகை காலியாகத்தானே இருக்கிறது, நிழலாகவும் இருக்கிறது, அங்கே காயப்போடுகிறேன் என்றான். முந்தின நாள்தான் பிளீச்சிங் பவுடர் கலந்து கழுவியிருந்தேன். நைலானுக்கு அது விஷம். மாமரத்துக் கிளையில் போடலாமா என்று கேட்டான், பால் வடியும் காலம். கடைசியில் திண்ணைக் கம்பியில் நிழலில் கட்டிவிட்டோம்.

காய்ந்ததும் விரித்துப் பார்த்தால் துணி முழுக்க நெருஞ்சி முள். இறங்கிய காடு அப்படி. முள்ளை வெடுக்கென்று பிடுங்கினால் இழை இழுபட்டு ஓட்டையாகும். துணியைப் பின்பக்கம் விரலால் தாங்கி, முள்ளைக் குத்திய திசையிலேயே திருப்பி எடுக்க வேண்டும். அக்காவும் வந்து உட்கார்ந்தாள். வெளிச்சம் போகும்வரை மூன்று பேரும் எடுத்தோம். பாதிதான் முடிந்தது. மீதியை அடுத்த நாள் காலை வைத்துக்கொண்டோம். அதுவரை அவன் பையை மூட விடவில்லை.